பூட்டுப் போட்டுக் காப்பாற்ற வேண்டாம்

திருநெல்வேலிக்கு வருகிற சொந்தக்காரர்களை நாங்கள் நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போவோம். சாயங்காலம் வரிசையில் நின்று அல்வா வாங்கிக் கொடுப்போம். மறுநாள் காலையில் குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற்றிவிடுவோம். ஊரைக் காட்டியாயிற்று என்று எங்கள் மனசும் ஆறிவிடும். வேறு என்ன இருக்கிறது இங்கே என்று யாராவது கேட்டால் எங்களுக்கே சட்டென்று பதில் வராது. பைக்கிலும் பஸ்ஸிலும் போகிறவனுக்கு எந்த ஊரும் சிக்னலும் வேகத்தடையும்தான்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் சேர்ந்தேன், டோட்டல் ஸ்டேஷன் வந்த காலத்தில் வெளியே வந்தேன். வயல், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று மாவட்டம் பூராவும் நடந்த கால்கள் வீட்டில் சும்மா கிடக்க ஒப்பவில்லை. விடிகாலையில் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பக்கம் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். நடையைவிடக் கொஞ்சம் அவசரம், அவ்வளவே. கொக்கிரகுளம் படித்துறையில் துணி துவைக்கிற ஆச்சி ஒருவர் முதல் தடவை என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டு, “என்னய்யா, யாரும் வெரட்டுதாவளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பொறவு எதுக்கு ஓடுதீய?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

உடம்புக்கு நல்லது என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் போனால் மட்டுமே கண்ணில் படுகிற சில சங்கதிகள் உண்டு. அவற்றையெல்லாம் இப்போது காப்பாற்றுகிறோம், அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்களே, அதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

பாளையங்கோட்டையில் கோட்டை எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுவர்களை வெள்ளைக்காரன் காலத்திலேயே இடித்துத் தள்ளியாயிற்று. வாசல்கள் மிச்சம். மேற்கு வாசல் எங்களுக்கெல்லாம் மேடை போலீஸ் ஸ்டேஷன். நெடுங்காலம் அதன் மேல்தான் காவல் நிலையம் இயங்கியது. கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, அவர் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். 1801 பிப்ரவரியில் இங்கிருந்து தப்பிப் போய், தரைமட்டமாகக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பி நின்றார். சிறை வைத்தவர்களின் கோட்டை போய்விட்டது, தப்பித்தவன் பேர் நிற்கிறது. பின்னால் வந்த போலீசுக்கு ஒரு கூரை தேவைப்பட்டதால் இந்த வாசல் மட்டும் பிழைத்தது என்பது என் கணக்கு. எந்தத் தொல்லியல் சட்டமும் அன்றைக்கு அதைக் காப்பாற்றவில்லை. தினமும் ஒரு ஏட்டையா படியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் காப்பாற்றியது. கிழக்கு வாசலிலிருந்து மேற்கு வாசலுக்கு ஒரு தடவை ஓடிப் பாருங்கள். பழைய கோட்டையின் அகலம் எந்த வரைபடமும் இல்லாமல் முழங்காலில் தெரிந்துவிடும்.

முருகன்குறிச்சியில் ஊசிக் கோபுரம். தூய திரித்துவப் பேராலயம் என்று பலகையில் இருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். 1826இல் ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் கட்டியது. தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், சபையோடு பின்னால் முரண்பட்டுப் பிரிந்தவர். 1838இல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். அவர் கல்லறை அந்தக் கோபுரத்தின் நிழலில் இல்லை, தள்ளி அடைக்கலபுரத்தில் இருக்கிறது. இதைவிடப் பழைய கோயில் ஒன்றும் இங்கே உண்டு. 1778இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785இல் கட்டியது. பிற்பாடு வந்த பெரிய கோயில்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். ஊர் அவரை ஞானஸ்நானப் பெயரால் அழைக்கவில்லை; பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்லி வந்தது. மதம் மாறியும் சாதி மாறவிடாத ஊர் என்று கோபித்துக்கொள்ளலாம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பெண் கட்டிய கோயிலை அந்தப் பெண்ணின் பேரிலேயே சொல்கிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன என்றும் யோசித்துப் பார்க்கிறேன்.

வண்ணார்பேட்டையை வேகமாகக் கடந்துவிடுவேன். மேம்பாலமும் ஜவுளிக்கடைகளும்தான் கண்ணை அடைக்கும். ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத் தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியதும், புதுமைப்பித்தன் வளர்ந்ததும் இந்தப் பேட்டையில்தான் என்று நினைத்துக்கொண்டே ஓட வேண்டியதுதான். அந்த நேரத்தில் நாய்களைத் தவிர யாரும் விழித்திருக்க மாட்டார்கள். ஒரு தெருவின் நாய்கள் ஒரு குறிப்பிட்ட மின்கம்பம் வரை விரட்டும். அங்கே நின்று திரும்பிவிடும். அடுத்த கம்பத்திலிருந்து அடுத்த கூட்டம். நான் வரைந்த எந்தப் புலப்படத்திலும் அவ்வளவு சுத்தமான எல்லை கிடையாது.

கொக்கிரகுளம் வந்ததும் நெஞ்சில் காற்றுப் படும். ஆறு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுலோச்சன முதலியார் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் அப்போது ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாகக் கிடந்த இரண்டு ஊர்கள். கடக்க வேண்டுமென்றால் பரிசலும் படகும்தான். படகில் இடம் பிடிக்க அடிதடி நடக்கும். தாம்சன் கலெக்டராக இருந்தபோது பாலம் கட்டுவது என்று முடிவானது. ஹார்ஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் வரைபடம் போட்டார். செலவுக்குச் சுமார் 50,000 ரூபாய் வேண்டும். கம்பெனிக் கஜானாவிலிருந்து கொடுக்க மனமில்லை. ஊரில் வசூலிக்கும் பொறுப்பை கலெக்டர் ஆபீஸ் சிரஸ்ததார் சுலோச்சன முதலியாரிடம் விட்டார்கள். அவர் வசூலுக்குப் போகவில்லை. தன் சொத்தைக் கொடுத்துவிட்டார். மனைவியின் நகைகளும் சேர்ந்தே போயின என்பார்கள். 1843இல் பாலம் திறந்தது. மேளதாளத்தோடு முதல் ஆளாக அதில் நடந்தவர் அவர்தான் என்று ஊரில் பேச்சு உண்டு.

பாலத்தின் மேலே ஓடுகிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. பஸ், ஆட்டோ, ஹாரன், புகை. கீழே இறங்க வேண்டும். ரயில் சந்திப்புப் பக்கம் படி வழியாக ஆற்றுக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தால், வரிசையாகப் பதினொரு வளைவுகள். ஒவ்வொரு வளைவின் கீழும் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு பாதி. விடிகிற நேரத்தில் முழு வட்டமாகவே தெரியும். பாலத்தின் கால்களைக் கவனியுங்கள். நீர் வந்து மோதும் பக்கம் முனை வைத்துக் கட்டியிருப்பார்கள். 1869 வெள்ளத்தில் சில வளைவுகள் போய், திரும்பக் கட்டினார்கள். பிற்பாடு போக்குவரத்துக்காக அகலப்படுத்தினார்கள்; எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு தொடங்குகிறது என்று கீழிருந்து பார்த்தால் கை வைத்துச் சொல்லலாம், மேலிருந்து சொல்லவே முடியாது.

லண்டனில் தேம்ஸ் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த வடிவம் இது என்று சொல்வார்கள். அந்தப் பாலம் 1817இல் திறந்தது. அஸ்திவாரம் இறங்கிவிட்டதென்று 1930களில் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது வேறு பாலம். மூலம் போய்விட்டது. சிரஸ்ததார் காசில் எழுந்த நகல் எங்கள் ஊரில் இன்றைக்கும் டவுன் பஸ்ஸைச் சுமக்கிறது. அண்மையில் பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்றும் வந்துவிட்டது. இனிமேல் பழையதுக்கு ஓய்வு கொடுத்து, மேலே பூச்சட்டி வைத்து, கலர் விளக்குப் போட்டு, நினைவுச் சின்னம் ஆக்கலாமே என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த யோசனை எனக்கு நடுக்கத்தைத் தந்தது. பஸ் ஓடுகிற வரைக்கும் அந்தப் பாலத்தில் ஒரு விரிசல் விழுந்தால் இன்ஜினியர் ஓடி வருவார். பூச்சட்டி வைத்துவிட்டால், சட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் வராது.

பாலத்துக்குக் கீழே சந்திப்புப் பக்கம் தைப்பூச மண்டபம். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறபோதெல்லாம் பத்திரிகையில் படம் வருமே, பாதித் தூண்கள் மூழ்கிய கல் மண்டபம், அதுதான். சுவாமி தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற இடம். 1908 மார்ச்சில் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது இந்த மண்டபத்தை ஒட்டிய ஆற்று மணலில். மூன்றாம் நாள் கைது. மறுநாள், மார்ச் 13, ஊர் கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலையில் வ.உ.சி.க்கு 40 ஆண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் இதே ஊரில்தான். ஆயிரக்கணக்கானவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று படித்திருக்கிறேன். இன்றைக்கு அவர் வந்தால் எங்கே நின்று பேசுவார்? மணலை அள்ளிவிட்டோம். அள்ளிய பள்ளத்தில் அமலைச் செடி மண்டிக் கிடக்கிறது. கரையிலிருந்து சாக்கடை இறங்குகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக ஓடுவேன். என் ஓட்டத்திலேயே ஓட்டம் என்று சொல்லத்தக்க பகுதி அதுதான்.

எதிர்க்கரையில் கலெக்டர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடக் கேட்டும் அங்கே ஊர்வலமாக வந்தார்கள். தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு சின்னக் குழந்தையும் அதில் உண்டு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் வந்து ஆற்றில் பூப் போடுகிறார்கள். பூ போன பிறகு அந்தக் கரையில் அதைச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓடுகிற பாதையில் ஒரு கல்கூட என் கண்ணில் பட்டதில்லை. பலகையும் சிலையும் வேண்டாம் என்று வாதம் செய்கிற நானே இந்த ஒன்றுக்கு மட்டும் கல் கேட்பேன். பாலத்தைப் பஸ் நினைவில் வைத்திருக்கும், மண்டபத்தைத் தைப்பூசம் நினைவில் வைத்திருக்கும். இவர்களை நினைவில் வைக்க அன்றாடக் காரியம் எதுவும் கிடையாது. பேர்களை வெட்டிய ஒரு கல், தடுப்பு வேலி இல்லாமல், தண்ணீர் தொடுகிற படியில் இருந்தால் போதும்.

இனி குறுக்குத்துறை. மீனாட்சிபுரம் வழியாகப் போனால் வீடுகள் முடிந்து மருத மரங்களும் தோட்டமும் தொடங்குகிற இடத்தில் சாலை ஆற்றுக்குள் இறங்கும். நடு ஆற்றுப் பாறையில் முருகன் கோயில். கரையில் இடமில்லாமல் ஆற்றுக்குள் கட்டவில்லை, வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் போய்ப் பாருங்கள்: படகின் முனைபோலக் கூராக வரும். நேர்ச்சுவராக இருந்தால் தண்ணீர் முழு வேகத்தோடு இடிக்கும். கூர்முனையில் அது இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் வழுக்கிப் போய்விடும். அந்தக் கல்லை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். முனையில் உளி பட்ட சொரசொரப்பே இல்லை. தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டது. இரண்டு கை உயரத்துக்கு மேலேதான் உளியின் கோடுகள் மறுபடி தெரியத் தொடங்கும். எந்த அளவுக்கு வருஷா வருஷம் தண்ணீர் வருகிறது, எந்த அளவுக்கு எப்போதாவது வருகிறது என்று அந்தக் கல்லிலேயே படித்துவிடலாம்.

பெரிய வெள்ளம் வந்தால் கோயில் முழுசாக முங்கிவிடும். மேல்தளமும் கோபுர உச்சியும் மட்டும் தெரியும். அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அணை திறக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் உற்சவர், உண்டியல், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரையில் உள்ள மேலக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார். தண்ணீர் இறங்கினதும் சேற்றை அள்ளி, கழுவிவிட்டு, உற்சவரைத் திரும்பக் கூட்டி வருவார்கள். அங்கே வேலை பார்க்கிற ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, தண்ணி ஏறுனா நாங்க ஏறுவோம், தண்ணி எறங்குனா நாங்க எறங்குவோம். இதுல பயப்பட என்ன இருக்கு?”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அந்த மனுஷரையும் பயமுறுத்தியிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே சந்திப்புப் பஸ் நிலையத்துக்குள் படகு போனது, கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர். வெள்ளம் வடிந்து சில நாள் கழித்து நான் மறுபடி ஓடப் போனேன். மீனாட்சிபுரம் வீட்டுச் சுவர்களில் சேற்றுக் கோடு ஒரே மட்டத்தில் போயிருந்தது. லெவல் கருவி வைத்துப் போட்டாலும் அவ்வளவு நேராக வராது. ஆற்றங்கரையில் புதிதாகப் போட்டிருந்த தடுப்புக் கம்பிகளும் பதிகற்களும் பிடுங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். குறுக்குத்துறையில் ஒரு கல் நகரவில்லை. கோயில்காரர்கள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். புதுசு தோற்றுப் பழசு ஜெயித்தது என்று குதிக்க மாட்டேன். வெள்ளம் வரும் என்று நம்பிக் கட்டியது நின்றது, வராது என்று நம்பிக் கட்டியது போயிற்று.

அப்படியென்றால் புதியதில் எனக்குப் பிடித்தது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. திரும்பி வரும்போது சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம். ரயில் கேட்டில் ஊரே நிற்கிறது என்று 1970களின் தொடக்கத்தில் கட்டித் திறந்தது. திருவள்ளுவர் பேர். நாட்டிலேயே முதல் ஈரடுக்குப் பாலம் இதுதான் என்று ஊரில் மார்தட்டுவார்கள். மேல்தளத்தில் பஸ்ஸும் லாரியும். கீழ்த்தளத்தில் சைக்கிளும் நடப்பவர்களும், இப்போது பைக்குகளும். நான் கீழ்த்தளத்தில்தான் ஓடுவேன். தலைக்கு மேலே பஸ் உறுமும், காலுக்குக் கீழே ரயில் தடதடக்கும், இடையில் பால்கேன் கட்டிய சைக்கிளோடு நானும் போவேன். அதை ஒரு தடவை அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு இன்றைய அளவுக்குப் பணமும் சிமெண்டும் கிடையாது. ஆனாலும் நடந்து போகிறவனுக்கும் சைக்கிளில் போகிறவனுக்கும் தனியாக ஒரு தளமே கட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது எழும்புகிற மேம்பாலங்களில் ஒதுங்கி நிற்க ஒரு அடி இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் தினமும் நடந்து பிழைப்புக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டதா? அதிகாலையில் என்னோடு வந்து பாருங்கள். ஆபீஸ் பெருக்கப் போகிற அம்மாக்கள், மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு சுமக்கிறவர்கள், காக்கிச் சட்டையில் நைட் டூட்டி முடித்த செக்யூரிட்டிகள். அத்தனை பேரும் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் சாக்கடை மூடிக்கும் இடையில் உள்ள இடத்தில்தான் நடக்கிறார்கள்.

என் வழக்கு என்னவென்றால், கொஞ்ச வருஷமாக நகரங்களை அழகாக்கும் பணம் கொட்டுகிறது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பதிகல், ஒரே எஃகுக் கம்பி, ஊர்ப் பெயருக்கு முன்னால் இருதயம் வைத்த ஒரே எழுத்துப் பலகை. பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்தில் ஒரு பூங்காவில் நடைபாதை போட்டார்கள். நல்ல பாதை. விடிகாலையில் போனால் கேட் பூட்டியிருக்கும். திறக்கிற நேரத்தில் வெயில் வந்துவிடும். வாட்ச்மேன் தம்பியிடம் கேட்டால், “ஆர்டர் இல்லையே சார், என்ன செய்ய?” என்பார். அவரை என்ன சொல்ல? வெளியே சாலையில் ஓடிக்கொண்டே உள்ளே இருக்கிற காலிப் பாதையைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொள்வேன். பூட்டி வைத்த இடத்துக்குள் முதலில் புல் முளைக்கும், பிறகு ஒரு விளக்கு எரியாது, பிறகு ஒரு மதில் சாயும். கேட்க ஆள் இருக்காது, ஏனென்றால் உள்ளே போகிறவர் யாரும் இல்லை.

மேடை வாசலும் முதலியார் பாலமும் குறுக்குத்துறைச் சுவரும் இத்தனை காலம் தாண்டி வந்தது ஊர்க்காரன் தினமும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்ததால். போலீசுக்கு வாசல் வேண்டும், பஸ்ஸுக்குப் பாலம் வேண்டும், முருகனுக்குப் படகு முனை வேண்டும். அவற்றைச் சுற்றி வேலி போட்டு, நுழைவுச் சீட்டு அடித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்தால் அந்தக் கேட்பு நின்றுவிடும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எனக்கு ஆசை சின்னதுதான். குறுக்குத்துறையிலிருந்து கொக்கிரகுளம் வரைக்கும் ஆற்றங்கரையோடு ஆறடி அகலத்தில் ஒரு மண்பாதை. செம்மண் அடித்துத் திம்சுக் கட்டையால் இறுக்கினால் போதும். கேட் வேண்டாம், டிக்கெட் வேண்டாம், பதிகல் வேண்டாம். துவைக்க வருகிற ஆச்சிகளுக்கும் குளிக்க வருகிறவர்களுக்கும் இறங்கப் படி இருக்கட்டும். அவர்களை விரட்டிவிட்டு வரும் அழகு எனக்கு வேண்டாம். சாக்கடையை மட்டும் திருப்பிவிடுங்கள், அதற்குத்தான் பெரிய பணம் ஆகும், அதற்குத்தான் ஆகவும் வேண்டும். அதே மாதிரி பாளையங்கால்வாய்க் கரை. பழவூர் அணையிலிருந்து புறப்பட்டு மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று ஊருக்குள் வருகிற கால்வாய் அது. அதன் கரையோடு நடந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ரோட்டைத் தொடாமலே போகலாம்.

இடம் எங்கே இருக்கிறது, எல்லாம் ஆக்கிரமிப்பில் போயிற்றே என்பார்கள். வெள்ளத்தில் பாதை கரைந்து போகுமே என்றும் சொல்வார்கள். கரைந்தால் மறுபடி நாலு லோடு மண் அடிக்க வேண்டியதுதான். பிடுங்கிப் போன எஃகுக் கம்பிக்கு ஆன செலவில் அதைப் பல வருஷம் செய்யலாம். இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் தண்ணீர் ஓடுகிற அகலம் மட்டும் கணக்கில் இல்லை. கரையும் சேர்த்துத்தான் புறம்போக்கு. கரைக்கு எவ்வளவு அகலம் என்பது புலப்படத்தில் மீட்டர் கணக்கில் எழுதியிருக்கிறது. யார் வீட்டுச் சுவர் எத்தனை அடி வெளியே வந்திருக்கிறது என்பதும் அதை விரித்தால் தெரிந்துவிடும். எல்லைக் கல் எங்கே என்று தெரியவில்லை என்று சொல்கிற அதிகாரிகள் புலப்படத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். சில கற்கள் கருவேல முள்ளுக்குள் இருக்கின்றன, ஒன்று ஒரு டீக்கடை அடுப்புக்கு அடியில் இருக்கிறது. விடிவதற்குள் வந்தால் எல்லாவற்றையும் நானே காட்டுகிறேன்.